ஓவன் இல்லாத வீட்டில் ஒக்டோபர் இனிப்பு: பூசணி வட்டிலப்பமும் சூரன் முகக் கொழுக்கட்டையும்

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருக்கு ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். கனடாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் ஒக்டோபர் வந்தால் பம்ப்கின் பை, பேய் முகம் போட்ட பிஸ்கட், சிலந்திவலை கேக் என்று செய்து வீடியோவில் காட்டுகிறார்களாம். இங்கே இருக்கும் இரண்டு பேரும் எங்களுக்கும் வேணும் என்று நிற்கிறார்கள். வீட்டில் ஓவன் இல்லை. ஒரு காஸ் அடுப்பும் இடியப்பம் அவிக்கும் பானையும்தான் இருக்கிறது. தீபாவளி லீவில் பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள், எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடக்கூடியதாக என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. ஓவன் வாங்க வேண்டாம், கொழும்பில் இருந்து எதையும் எடுப்பிக்கவும் வேண்டாம். மட்டக்களப்பில் பலகாரத்துக்கு ஓடர் எடுத்துச் செய்கிறவள் நான். லீவு நாட்களில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து மா பிசைய விடுவதும் என் வழக்கம். அதில் நான் கண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் பிள்ளைகளின் மனதைப் பிடிப்பது வெண்ணெயும் ஐசிங்கும் இல்லை. ஒரு முகம் செய்யலாம், அதைப் பயங்கரமாக்கலாம், பிறகு அதையே கடித்துத் தின்னலாம் என்பதுதான். அந்த வேலையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால், அரிசி மாவும் தேங்காயும் சர்க்கரையும் போதும்.

அங்கே ஒக்டோபர் என்பது அறுவடை முடிந்த காலம். பூசணி, ஆப்பிள், சோளம் எல்லாம் வீட்டுக்கு வந்திருக்கும். கனடாவில் நன்றி நவிலல் நாள் ஒக்டோபர் மாதத்தின் 2ஆவது திங்கட்கிழமை. அமெரிக்காவில் நவம்பரின் 4ஆவது வியாழக்கிழமை. இடையில் ஒக்டோபர் 31 ஹலோவீன். நமக்கு அது நேர் எதிர். சிறுபோகம் வெட்டி முடிந்து, பெரும்போகத்துக்கு வயல் விதைக்கிற நேரம். வாடைக்காற்றோடு மாரி மழை தொடங்கிவிடும். சோளன் அப்போதுதான் நிலத்தில் விழுந்திருக்கும், பொத்தி முறிக்க மார்கழி, தை ஆகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே குளிர்ந்த காய்ந்த காற்றில் வருகிற பலகாரம் இங்கே மாரியில் வராது. சீனிப்பாகில் தோய்த்த ஆப்பிள் ஒரு மணித்தியாலத்தில் ஒட்டத் தொடங்கிவிடும், சீனி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் காயவைக்கிற மெரிங் நசிந்துபோகும். மொறுமொறுப்பான பிஸ்கட்டும் நம்முடைய கொக்கிஸும் ஒரே கதைதான், சூடு ஆறினவுடனே காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடாவிட்டால் மறுநாள் துவண்டுவிடும். ஆனால் அவித்த பலகாரத்துக்கும் உறைய வைக்கிற இனிப்புக்கும் மழை ஒன்றும் செய்யாது. ஆகவே, தங்கச்சி, உங்கள் இடியப்பப் பானைதான் இந்த லீவின் ஓவன்.

முதலில் பூசணிக்காய். பம்ப்கின் பை என்று அவர்கள் செய்வது என்னவென்று பாருங்கள்: பூசணி மசியல், முட்டை, பால், சீனி, அதற்குள் கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு. இதை மா ஓட்டுக்குள் ஊற்றி வேக வைக்கிறார்கள். மா ஓட்டையும் பூசணியையும் எடுத்துவிட்டால் அது நம் வட்டிலப்பத்தின் கூடப்பிறந்தது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். வாசனைச் சாமான்கள் நம் அடுக்களையில் எப்போதும் கிடப்பவை. அங்கே சின்னப் போத்தலில் "பூசணி மசாலா" என்று விற்பதை நீங்கள் உரலில் இடித்துக்கொள்ளலாம்.

பூசணி வாங்கும்போது சின்னதாக, கைக்குப் பாரமாக, காம்பு நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள். வெட்டி விற்கிற துண்டு என்றால் உள்ளே கடும் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். வெளிறின பூசணியில் தண்ணீர்தான் இருக்கும், இனிப்பு இருக்காது. தண்ணீரில் போட்டு அவிக்க வேண்டாம். தோலோடு பெரிய துண்டாக வெட்டி ஆவியில் 20 நிமிடம் வைத்தால் கரண்டியால் வழித்தெடுக்கலாம். அரிதட்டில் அழுத்தித் தேய்த்து நாரை நீக்குங்கள். பிறகு தாச்சியில் எண்ணெய் எதுவும் இல்லாமல் மெல்லிய நெருப்பில் கிளறி ஈரத்தை வற்ற விட வேண்டும். அகப்பையை ஒரு இழுப்பு இழுத்தால் அடித்தாச்சி தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். இந்த ஒரு வேலையில் பொறுமை காட்டினால் மற்ற எல்லாம் தானாக வரும். தண்ணீர் நின்ற பூசணி எந்த இனிப்பையும் கெடுக்கும்.

வற்றின மசியல் ஒரு கோப்பை எடுத்தால், முட்டை 4, கித்துள் கருப்பட்டி 200 கிராம், கட்டியான முதல் பால் ஒரு கோப்பை. கருப்பட்டியைச் சீவி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைய மட்டும் சூடாக்கி, வடித்து ஆற விடுங்கள். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். கறுவாத்தூள் கால் தேக்கரண்டி, துருவின சாதிக்காய் ஒரு சிட்டிகை, வேர்க்கொம்புத் தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. கராம்பு சேர்ப்பதென்றால் ஒன்றை மட்டும் இடித்துப் போடுங்கள். அதிகமானால் பிள்ளைகள் மருந்து மணக்கிறது என்பார்கள். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, ஒருமுறை வடித்து, சின்னத் தேநீர்க் கோப்பைகளில் முக்கால்வாசி ஊற்றுங்கள். எட்டுக் கோப்பை வரும்.

இனி அவிக்கிறது. தண்ணீர் கொதித்து ஆவி வந்தவுடன் நெருப்பைக் குறைத்துவிட வேண்டும். பானை கடகடவென்று கொதித்தால் வட்டிலப்பத்துக்குள் ஓட்டை ஓட்டையாக விழுந்து தண்ணீர் விடும். மூடிக்குக் கீழே ஒரு துணியைக் கட்டுங்கள், ஆவித்துளி கோப்பைக்குள் சொட்டாது. 20 முதல் 25 நிமிடம். கழுவின ஈர்க்கிலை நடுவில் குத்தி எடுத்தால் சுத்தமாக வர வேண்டும், தொட்டால் லேசாக ஆட வேண்டும். அடுப்பை விட்டு இறக்கி நன்றாக ஆறின பிறகுதான் முகம் போடுகிற வேலை. பிளம்ஸ் (காய்ந்த முந்திரிகை) இரண்டு கண்ணுக்கு, தேங்காய்ச் சொட்டில் வெட்டின முக்கோணம் மூக்குக்கு. வாயை ஐந்து வயதுக்காரர் எப்படி வைத்தாலும் சரி, திருத்தப் போகாதீர்கள்.

ஒன்பது வயதுக்காரருக்கு ஒரு பெரிய வித்தை காட்ட வேண்டுமென்றால், கோப்பைக்குப் பதில் முழுப் பூசணிக்குள்ளேயே ஊற்றலாம். தாய்லாந்தில் இப்படி ஒரு பலகாரம் பெயர் போனது. ஒரு கிலோ அளவான சின்னப் பூசணியின் காம்புப் பக்கத்தை மூடிபோல வெட்டி, விதையையும் நாரையும் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். இதற்கு மசியல் சேர்க்க வேண்டாம், முட்டையும் கருப்பட்டியும் பாலும் போதும், பூசணியே சுற்றி இருக்கிறதே. முக்கால்வாசி ஊற்றி, பூசணி பிளந்தாலும் சரியாமல் இருக்க ஒரு கிண்ணத்துக்குள் இருத்தி, ஒரு மணித்தியாலம் அளவில் அவிக்க வேண்டும். மூடியைத் தனியாகப் பக்கத்தில் வைத்து அவியுங்கள். சுடச்சுட வெட்டினால் உள்ளே இருப்பது ஓடிவிடும். ஆறினபின் பிரிஜ்ஜில் வைத்து மறுநாள் காலையில் வெட்டினால், செம்மஞ்சள் வளையத்துக்குள் மண்ணிற வட்டிலப்பம் நிற்கும். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்துக் கொடுங்கள், அது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல கொறிக்கிற சாமான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின 21 நாளும் கேதாரகௌரி விரதம், தீபாவளி அமாவாசை கழிந்த கையோடு கந்தசஷ்டி ஆறு நாள். உங்கள் வீட்டில் விரதம் பிடிக்கிறவர்கள் இருந்தால் முட்டை அடுப்பில் ஏறாது. வட்டிலப்பத்தை அந்த நாட்களுக்கு வெளியே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விரத நாட்களில் செய்ய நல்லது கொழுக்கட்டை, அதுதான் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் கூடின விளையாட்டும்.

பேய் முகம் கேட்கிறார்களா? நம்மிடம் அதைவிடப் பயங்கரமானவர்கள் அதே காலத்தில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு நரகாசுரன். அடுத்து கந்தசஷ்டி முடிவில் சூரன் போர். முருகன் கோயில் வீதியில் ஆளுயரத்துக்கும் மேலான சூரன் ஆடி ஆடி வரும்போது தலை மாறி மாறி வருமே, யானைமுகம், சிங்கமுகம், கடைசியில் மாமரமும் சேவலும் மயிலும் என்று, அதைத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்த பிள்ளைக்கு வெளியில் இருந்து ஒரு பேயை இறக்க வேண்டிய தேவை இல்லை. டொரொண்டோவில் இருக்கிற பெரியம்மா பிள்ளைகளுக்கு இதை வீடியோவில் காட்டுங்கள். அவர்கள் கேட்கப் போகிற கேள்விகளுக்கு உங்கள் மூத்தவர் பதில் சொல்லட்டும்.

கொழுக்கட்டைக்குப் பல் வைப்பதும் நமக்குப் புதிதில்லை. பிள்ளைக்கு முதல் பல் முளைக்கும்போது பல்லுக் கொழுக்கட்டை அவிப்போம் அல்லவா, ஓரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி. அதையே கொஞ்சம் பெரிதாக்கினால் நரகாசுரன் வாய் வந்துவிடும்.

வறுத்த அரிசி மா இரண்டு கோப்பைக்கு உப்பு அரைத் தேக்கரண்டி போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள். ஒன்றரைக் கோப்பையில் இருந்து இரண்டு கோப்பை வரை இழுக்கும், மாவைப் பொறுத்தது. கை பொறுக்கிற சூடு வந்ததும் நன்றாகப் பிசைய வேண்டும். ஒரு சின்ன உருண்டையை உருட்டி அமுக்கிப் பாருங்கள், ஓரம் வெடிக்காமல் விரிந்தால் சரி. வெடித்தால் சுடுதண்ணீர் கொஞ்சம் தெளித்துத் திரும்பப் பிசையுங்கள். மாரியில் மாவை வெயிலில் காயவைக்க முடியாது, கடை மா என்றாலும் ஒருதரம் வறுத்து அரித்துக்கொள்வது நல்லது. பிசைந்ததை ஈரத்துணியால் மூடியே வைத்திருங்கள். பிள்ளைகள் ஒரு காது செய்யக் கால் மணித்தியாலம் எடுப்பார்கள், அதற்குள் மா காய்ந்துவிடும்.

கொழுக்கட்டைக்குள் வைக்கிற உள்ளடன் வழமையானதுதான்: பயறு வறுத்து மலர அவித்தது ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, சர்க்கரை முக்கால் கோப்பை, ஏலக்காய். ஈரம் இல்லாமல் கிளறி ஆற விடுங்கள்.

நிறத்துக்கு மாவை நாலாகப் பிரியுங்கள். ஒன்று வெள்ளையாகவே இருக்கட்டும். ஒன்றில் வற்றின பூசணி மசியல் இரண்டு கரண்டி, அது செம்மஞ்சள். ஒன்றில் ரம்பை இலையை இடித்துப் பிழிந்த சாறு, அது பச்சை. கடைசியில் பீட்ரூட் சாறு. பீட்ரூட் நிறம் ஆவியில் நின்றால் வெளிறும், ஆகவே அதை முழு முகத்துக்கு வைக்காமல் நாக்குக்கும் உதட்டுக்கும் வையுங்கள், பச்சையாக இருக்கும்போதே கொஞ்சம் கடும் நிறமாகப் பிசைந்துகொள்ளுங்கள். கடைக் கலர் போத்தல் தேவையே இல்லை. இந்த நாலு நிறத்தையும் வாழையிலையில் வரிசையாக வைத்தவுடன் பிள்ளைகளின் கை நீளுவதைப் பார்ப்பீர்கள்.

முகம் செய்கிற விதம் இது. தேசிக்காய் அளவு மாவை உள்ளங்கையில் வைத்துக் குழித்து, உள்ளடன் ஒரு தேக்கரண்டி வைத்து மூடி, மூடின பக்கம் கீழே வர இலையில் இருத்துங்கள். கண்ணுக்கு அவித்த கௌபி இரண்டு. கௌபி அமுக்குவதற்கு முன் விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தை ஈரமாக்கினால்தான் அவியும்போது கழன்று விழாது. வாயை ஈர்க்கிலால் கீறி, கீறின இடத்தைக் கொஞ்சம் திறந்து, தேங்காய்ச் சொட்டை மெல்லிய சீவலாக வெட்டிப் பல்லாகச் செருகுங்கள். யானைமுகத்துக்குத் துதிக்கையைத் தனியாக உருட்டி, ஒட்டும் இடத்தைத் தட்டையாக்கி, ஈரம் தொட்டு அழுத்துங்கள். துதிக்கை தொங்காமல் கன்னத்தோடு படிந்து கிடக்கட்டும், அப்போதுதான் அவிந்த பிறகும் நிற்கும். சிங்கமுகத்துக்குப் பிடரி மயிர் வேண்டும். அதற்குத்தான் இடியப்ப உரல். செம்மஞ்சள் மாவை உரலில் போட்டு முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் பிழிந்துவிட்டால் பிடரி வந்துவிடும். நரகாசுரனுக்கும் அப்படியே தலைமயிர். உரலைப் பிழிய ஐந்து வயதுக் கைக்குப் பலம் காணாது, அம்மாவின் கைக்கு மேலே தன் கையை வைத்து அழுத்தட்டும்.

சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு சின்னவள் பச்சை மாவில் ஒரு முகம் செய்து, வாய் நிறையப் பல்லாகக் குத்தி வைத்தாள். இடம் இல்லாமல் நெற்றியிலும் இரண்டு குத்தினாள். "அன்ரி, இங்க பாருங்க, என்ட சூரனுக்கு நெத்தியிலயும் பல்லு முளைச்சிட்டு" என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். ஆவியில் 12 நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது மா பளபளவென்று மினுங்கி, அந்தப் பற்கள் எல்லாம் இன்னும் துருத்திக்கொண்டு நின்றன. அவள் அதைத் தின்னவே விடவில்லை, கொண்டுபோய்த் தன் அப்பம்மாவுக்குக் காட்டின பிறகுதான் கடித்தாள்.

இனிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். இதில் நீங்கள் கேட்டது மிகவும் நல்ல கேள்வி. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற ஜெலி, மார்ஷ்மெலோ, பேய் உருவ மிட்டாய் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டின் அல்லது பன்றியின் தோலில் இருந்தும் எலும்பில் இருந்தும் எடுப்பது. ஹலால் முத்திரை இல்லாத ஜெலட்டின் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஆகாது, மரக்கறி வீட்டுக்கு எந்த ஜெலட்டினும் ஆகாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவானது கடற்பாசி (அகர் அகர்). காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு துறக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் சாமான், உங்கள் கல்முனைக்கடையிலும் நாராகவும் தூளாகவும் கிடைக்கும். நமது வெப்பத்துக்கும் அதுதான் பொருத்தம். ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும். கடற்பாசி 40 பாகை அளவில் உறையத் தொடங்கிவிடும், ஒருமுறை உறைந்தால் 85 பாகை வரை சூடாக்கினால்தான் கரையும். மின்சாரம் போய் பிரிஜ் நின்றாலும் மேசையில் அப்படியே நிற்கும்.

நாரை அரை மணித்தியாலம் ஊறவிட்டு, 10 கிராமுக்கு நாலு கோப்பைத் தண்ணீர் அளவில் கொதிக்க வைத்து, ஒரு இழையும் தெரியாமல் கரைந்த பிறகே சீனி போடுங்கள். கரையாமல் விட்டால் நாக்கில் நார் தட்டும். இப்போது வித்தை: வேலியில் படர்ந்திருக்கிற நீலச் சங்குப்பூவைப் பறித்து, கழுவிக் காம்பை நீக்கி, சுடுதண்ணீரில் ஊறவிட்டால் கடும் நீலமாக இறங்கும். அதில் பாதியைத் தனியாக ஒரு கிளாசில் எடுத்துப் பிள்ளையின் கையில் அரைத் தேசிக்காயைக் கொடுங்கள். புளி விழ விழ நீலம் ஊதாவாக மாறும். பூவில் உள்ள நிறத்துக்குப் புளி பட்டால் நிறம் மாறுகிற குணம் உண்டு, செவ்வரத்தம்பூவிலும் இதைப் பார்க்கலாம். ஒன்பது வயதுக்காரருக்கு இது விஞ்ஞானப் பாடம் மாதிரியும் ஆகும். ஒன்று மட்டும், தேசிக்காய்ப் புளியைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள், உறையும் பலம் போய்விடும். இறக்கின பிறகு சேருங்கள்.

அடுக்கு அடுக்காக ஊற்றுவதென்றால் நீலம், தேங்காய்ப்பால் வெள்ளை, ஊதா என்று வரட்டும். முதல் அடுக்கு மேலே ஆடை பிடித்து, விரலால் தொட்டால் லேசாக ஒட்டுகிற நேரம் பார்த்து அடுத்ததைச் சூட்டோடு மெதுவாக ஊற்ற வேண்டும். முழுக்க இறுகின பிறகு ஊற்றினால் வெட்டும்போது அடுக்குகள் கழன்று வழுக்கும். உறைந்ததைப் பிஸ்கட் அச்சால் வௌவால், நட்சத்திரம், பிறை என்று வெட்டச் சொல்லுங்கள். அச்சு இல்லையென்றால் போத்தல் மூடி போதும்.

சிலந்திவலை கேட்டிருந்தார்கள் இல்லையா? அதற்குக் கேக் வேண்டாம், எருமைத்தயிர் இருக்கிறது. மட்டக்களப்புத் தயிர்ச்சட்டியின் மேல்தளம் எவ்வளவு கட்டியாக, வெள்ளையாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே நிற்கிற தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். கித்துள் பாணியை அடுப்பில் கொஞ்சம் வற்றவைத்து ஆறவிட்டு, ஒரு சின்னப் பொலித்தீன் பையின் மூலையில் ஊசித்துளை போட்டு, நடுவில் இருந்து வட்டம் வட்டமாகப் பிழியுங்கள். பிறகு ஈர்க்கில் நுனியை நடுவில் வைத்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், எட்டுத் திக்கிலும். ஒவ்வொரு இழுப்புக்கும் வட்டம் வளைந்து வலையாகிவிடும். சாப்பிடப் போகிற நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது, வைத்திருந்தால் பாணி கரைந்து பரவும். சிலந்தி ஒரு பிளம்ஸ்.

மிச்சம் இருக்கிற பூசணி மசியலில் தேங்காய்ப்பூவும் சீனியும் பால்மாவும் போட்டுச் சுருளக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் உருண்டை பிடித்து, ஈர்க்கிலால் மேலிருந்து கீழாக வரி அழுத்தினால் குட்டிப் பூசணிக்காய். காம்புக்கு ரம்பை இலைத் துண்டு வையுங்கள். பலர் கராம்பு குத்துவார்கள், பார்க்க அழகுதான், ஆனால் சின்னப் பிள்ளை கடித்துவிட்டால் அழும், எனக்கு அதில் விருப்பமில்லை.

இனிப்பே அதிகம் வேண்டாம் என்கிற வீட்டுக்கு, மண்டரின் தோடம்பழத்தைத் தோலுரித்து நடுவில் ரம்பை இலைக் காம்பைச் செருகினால் அதுவும் பூசணிதான். மாரி பிஸ்கட் புடிங் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே வாழைப்பழப் பாதியை நிறுத்தி இரண்டு கண் வைத்தால் பேய் வீடு. தொதலையும் அரியதரத்தையும் இந்த நாளில் தொட வேண்டாம். தொதல் மணித்தியாலக் கணக்கில் கொதித்துத் தெறிக்கிற சாமான், அரியதரத்துக்குக் கொதி எண்ணெய். லவ் கேக் நத்தாருக்கு எங்கள் பறங்கியர் வீடுகளில் செய்வதைப் பார்த்துச் செய்ய வேண்டியது, அதற்கு ஓவனும் வேண்டும், ஒரு கூடை முட்டையும் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். சீனிப்பாகும் உருகின கருப்பட்டியும் கொதிதண்ணீரை விடக் கூடின சூட்டுக்குப் போகும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த வேலை எல்லாம் பிள்ளைகள் வருவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். பானை மூடியை நீங்கள்தான் திறக்க வேண்டும், அதுவும் மூடியின் முன்பக்கம் உங்களை மறைக்கிற மாதிரிச் சாய்த்து, ஆவி அந்தப் பக்கம் போக. பக்கத்து வீட்டில் இருந்து ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வந்தால் முழுக் கஜு, நிலக்கடலை, பூசணி விதை, தேங்காய்ச் சொட்டு எதுவும் அதன் தட்டில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். பல்லில்லாத சூரன் ஒன்றைத் தனியாகச் செய்து வையுங்கள், பிளம்ஸையும் சின்னதாக நறுக்கிவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. கஜு, கடலை, முட்டை, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுத் தாயிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள். அவர்கள் வீட்டில் இருந்து கடற்பாசிக்கு அச்சும் தட்டும் எடுத்துவரச் சொன்னால் அவர்களுக்கும் மனநிறைவு, உங்களுக்கும் பாத்திரக் கவலை குறையும்.

வேலையைப் பிரிக்கிற விதத்துக்கு வருகிறேன். முதல்நாள் பின்னேரம் பூசணி மசியல், பயற்று உள்ளடன், கௌபி அவிக்கிறது, கருப்பட்டி கரைக்கிறது, அரிசி மா வறுக்கிறது எல்லாம் நீங்கள் தனியாக முடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்தவுடன் கடற்பாசியின் முதல் அடுக்கை ஊற்றிவிட்டு, அது ஆடை பிடிக்கும் நேரத்தில் மாவைப் பிசைந்து நிறம் கொடுங்கள். அடுக்குகளுக்கு இடையிடையே சூரன் முகம். கொழுக்கட்டை ஆவியில் இருக்கும்போது கை கழுவிவிட்டு அச்சால் வெட்டட்டும். தயிரில் வலை கடைசி. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், ஐந்து வயதுக்காரர் அதற்குள் களைத்துவிடுவார்.

கொழுக்கட்டையை அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும், தேங்காய்ப்பூ இருக்கிறதால் இரவு தாண்டினால் ஊசும். தேங்காய்ப்பால் அடுக்கு வைத்த கடற்பாசி உருகாதுதான், ஆனாலும் மிஞ்சினதை பிரிஜ்ஜில் வைத்து மறுநாளோடு முடித்துவிடுங்கள். முட்டை வட்டிலப்பம் பிரிஜ்ஜில் இரண்டு நாள் நிற்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதை வாழையிலையில் சுற்றாமல் மூடியுள்ள பெட்டியில் வைத்துக் கொடுங்கள். அவசரமாகச் சுற்றினால் சூரனின் மூக்கு வீட்டுப் படலைக்கு வரும் முன்னமே விழுந்துவிடும், அதைச் செய்த பிள்ளை அழும்.